உள்பக்கம் விட்ட இடம்

ஜூலை 31, வியாழன்

காலையில் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும்போது மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை நான் உங்க டீம் தொப்பியும் போட மாட்டேன், அவன் டீம் தொப்பியும் போட மாட்டேன். வெயில்ல காயுறேன், பரவாயில்ல." நான்கு வருடமாக இதே பாட்டுதான். புருஷன் ஒரு டீம், கூடப்பிறந்த தம்பி இன்னொரு டீம் என்றால் வேறு என்ன செய்வாள்?

மச்சினன் ஒன்பது புள்ளி முன்னால் இருக்கிறான். மிச்சம் நான்கு ரேஸ். மேனேஜர் மதியம் கூப்பிட்டு உட்கார வைத்தார். "எல்லாரையும் முந்துற, அவனைக் கண்டா மட்டும் உன் கால் நடுங்குது. சொந்தம் வீட்டோட இருக்கட்டும்." அடுத்த வருட ஒப்பந்தம் அவருடைய மேஜை இழுப்பறையில் இருக்கிறது. காட்டவும் மாட்டார், கிடையாது என்றும் சொல்ல மாட்டார்.

எனக்குக் கால் நடுங்கவில்லை. அவன் ஒழுங்காக ஓட்டுகிறான், அதுதான் கஷ்டம். திரும்புவதற்கு முன்னால் பக்கத்துக் கார் நம் கதவு வரை வந்துவிட்டால் ஒரு கார் அகலம் இடம் விட வேண்டும். வராவிட்டால் கதவைச் சாத்தலாம். வளைவின் உள்பக்கத்தை அடைப்பதற்கு எங்கள் பேச்சில் அதுதான் பெயர். பாதையை ஒரு தரம்தான் மாற்றலாம். பிரேக் மிதித்த பிறகு மாற்றவே கூடாது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், பாதிப் பேருக்கு நடுவர் பார்க்கும்போது மட்டும் ஞாபகம் வரும். இவனுக்கு யாரும் பார்க்காதபோதும் ஞாபகம் இருக்கிறது. சில நாள் எரிச்சலாக வருகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எழுத முடியவில்லை. மச்சினன் ஆஸ்பத்திரியில். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். பதினேழாவது சுற்று. நீண்ட நேர்ப்பாதை முடிந்ததும் வரும் வலது வளைவு. அவன் முன்னால், நான் பின்னால். உள்பக்கம் நுழைந்தேன். அவன் இடம் விட்டான். பிரேக் மிதித்தேன், பெடல் உள்ளே போய்விட்டது. அவன் கதவில் மோதினேன். அவன் கார் வெளிப்பக்கச் சுவரில் போய் அடித்தது. இடது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு. வலது காறை எலும்பு முறிவு.

மோதியவுடன் ரேடியோவில் "பிரேக் இல்ல, பிரேக் இல்ல" என்று கத்தியிருக்கிறேன். அது பதிவாகியிருக்கிறது.

நடுவர்கள் மூன்று பேர். வீடியோவை எட்டுத் தடவை போட்டுப் பார்த்தார்கள். இயந்திரக் கோளாறு, ஓட்டுநர்மேல் நடவடிக்கை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். தலைமை நடுவர் தோளைத் தட்டி, "பிரேக் இல்லாத காரை வச்சுக்கிட்டு நீ பொழைச்சதே பெரிசு" என்றார். அவரும் ஒரு காலத்தில் ஓட்டியவர்.

ஆஸ்பத்திரி நடையில் மனைவி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ரெண்டு பேரும் போயிருப்பீங்க. ஒரே நாள்ல ரெண்டு பேரும்."

ஆகஸ்ட் 6, புதன்

முந்தாநாள் எழுதியதைப் படித்தேன். நடுவரிடம் கொடுத்த வாக்குமூலம் அப்படியே இருக்கிறது. பூட்டி வைக்கிற நோட்டில் யாரை ஏமாற்றுகிறேன்?

பிரேக் போகவில்லை. பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தது. நான்தான் நேரத்துக்கு மிதிக்கவில்லை. வளைவுக்கு முன்னால் இருக்கிற நூறு மீட்டர் பலகையில் மிதிக்க வேண்டும், எழுபதில் மிதித்தேன். அந்த வேகத்தில் கார் திரும்பாது என்று எனக்குத் தெரியும். அவன் கார் பக்கத்தில் இருக்கிறது, அதன்மேல் சாய்ந்து திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அரை நொடிதான். ஆனாலும் நினைத்தேன். அவனைத் தடுப்பாக வைத்துக்கொண்டேன். எங்களில் பலர் ஒரு தடவையாவது செய்திருப்போம். கதவு நசுங்கும், ரெண்டு நாள் முறைத்துக்கொள்வோம், முடிந்தது. இந்த வளைவில் சுவர் கிட்டத்தில் இருந்தது.

ரேடியோவில் அந்த வார்த்தை எப்படி வந்தது? எங்கள் தொழிலில் தப்பு செய்தவனின் கட்டைவிரல் முதலில் போகிற இடம் ரேடியோ பட்டன். டயர் பிடிக்கவில்லை, தரையில் ஆயில் கிடந்தது, கண்ணில் வெயில் அடித்தது... வாய்க்கு வந்ததைச் சொல்வோம். டீமில் யாரும் நம்ப மாட்டார்கள். "சரிப்பா, கண்ணுல வெயிலு" என்று சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். நானும் பழக்கத்தில்தான் சொன்னேன். இந்தத் தடவை நம்பிவிட்டார்கள்.

இல்லை, எல்லோரும் நம்பவில்லை. டீமில் டேட்டா பார்க்கிற பெண் இன்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். பிரேக் அழுத்தக் கோடு நேராக மேலே ஏறியிருந்தது. "பிரேக் நல்லாத்தான் பிடிச்சிருக்கு சார். முப்பது மீட்டர் லேட்டு, அவ்வளவுதான்." மேனேஜர் கை நீட்டிக் கம்ப்யூட்டரை மூடினார். "டேட்டா பதியுற பெட்டி மோதினதுல செத்துப்போச்சுன்னு நடுவருக்கு எழுதிக் கொடுத்தாச்சு. செத்தது செத்ததாவே இருக்கட்டும்." என்னைப் பார்க்கவே இல்லை. நான் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

மச்சினனை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தாயிற்று. ஒரு கை மாவுக்கட்டில், இன்னொரு கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில். நான்காவது மாடியில் தனியாக இருக்கிறவன், அக்காவைவிட்டால் ஆள் கிடையாது. கூடத்தில் கட்டில் போட்டிருக்கிறோம். எங்கள் வீட்டில் எங்கே போவதென்றாலும் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். தண்ணீர் குடிக்க, குளிக்க, வெளியே ஓட, எல்லாவற்றுக்கும் அவன் முகத்தில் விழித்தாக வேண்டும்.

சாயங்காலம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். முக்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான். தலைமுடிக்குள் கண்ணாடித் துண்டு ஒன்று இன்னும் இருந்தது. விரலால் எடுத்தேன்.

"மச்சான், பக்கக் கண்ணாடியில உன் காரைப் பார்த்தேன்டா. வேற எவனா இருந்தாலும் கதவைச் சாத்தியிருப்பேன். உனக்கு அந்தத் தூரத்துல உரிமையே கிடையாது தெரியுமா? நீன்னுதான் உள்ள இடம் விட்டேன். அக்கா பார்த்துக்கிட்டு இருக்கா, ரெண்டு பேரும் உரசிக்க வேணாம்னு."

கண்ணில் சோப்பு போய்விட்டது என்று கத்தினான். நான்தான் தண்ணீர் ஊற்றாமல் நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று ஆமையண்ணன் வந்தார்.

எங்கள் டீமின் பிரேக் மெக்கானிக். நட்டு ஒன்றை முறுக்கினால் அதன்மேல் மஞ்சள் பெயின்டால் கோடு போட்டு, ஒரு தரம் தொட்டுப் பார்த்து, எதிர்ப்பக்கம் போய் இன்னொரு தரம் பார்ப்பார். மற்ற மெக்கானிக்குகள் டீ குடித்துவிட்டு வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் அந்தப் பேர். அவருக்கும் அதில் வருத்தமில்லை, அவர் டூல் பெட்டிமேல் ஆமை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டது அவரேதான்.

இப்போது பிரேக் பக்கமே வரக்கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். டயர் கழுவுகிறார். முப்பத்தொரு வருடம் பிரேக் வேலை பார்த்தவர்.

கூடத்தில் மச்சினன் படுத்திருந்தான். இவர் வாசல்படியிலேயே நின்றுகொண்டு, "தம்பி, என்னை மன்னிச்சிருப்பா" என்றார். மச்சினன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நான் அவசர அவசரமாக அவரைத் தெருவுக்குக் கூட்டிப்போனேன்.

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். அன்று காலை அவர் செய்த ஒவ்வொரு வேலையும் அதில் நேரத்தோடு இருந்தது. "ஒரு வாரமா மண்டையை உடைச்சுக்கிறேன் சார். எங்க விட்டேன்னு தெரியல. நீங்கதான் சொல்லணும். பெடல் மெதுவா இறங்குச்சா, ஒரேயடியா இறங்குச்சா?"

அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"மெதுவா."

"ஓ. அப்ப பஞ்சு மாதிரி இருந்துச்சா?"

"ஆமாண்ணே. பஞ்சு மாதிரி."

எழுதிக்கொண்டார். தலையை ஆட்டினார். "அப்ப ஏர்தான். பிரேக் குழாய்ல ஏர் நின்னிருக்கு. பின்சக்கரம் இடதுபக்கம் ஏர் எடுக்கும்போது யாரோ கூப்பிட்டாங்க, திரும்பிப் பார்த்தேன். அப்பதான் விட்டிருப்பேன்." அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைப் பார்க்க முடியவில்லை. காரணம் கிடைத்துவிட்டதாம். நான் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

பஞ்சு மாதிரி. அந்த வார்த்தையை அவர் கேட்டார், நான் ஆமாம் என்றேன். பச்சைப் பொய்யை இரண்டு பேர் சேர்ந்து வளர்த்தோம், அதில் ஒருத்தருக்கு அது பொய் என்றே தெரியாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ரேஸ். மச்சினன் இல்லாத ரேஸ். எளிதாக ஜெயிக்க வேண்டியது, நான்காவது வந்தேன்.

நூறு மீட்டர் பலகை வரும் முன்பே கால் பிரேக்குக்குப் போய்விடுகிறது. இந்த வருடம்தான் வந்த பையன் ஒருவன் என் பின்பம்பர் வரைதான் வந்திருந்தான், அவனுக்கு இரண்டு கார் அகலம் விட்டேன். அவனே திகைத்துப்போய் இன்னும் அகலமாகப் போனான். ஒலிபெருக்கியில் வர்ணனைக்காரர், "பாவம், பிரேக்மேல நம்பிக்கை போயிருச்சு, யாரா இருந்தாலும் இப்படித்தான் ஆகும்" என்றாராம். இறங்கியதும் கூட்டம் கைதட்டியது. இதுவரை நான் ஜெயித்தபோதுகூட இவ்வளவு தட்டியதில்லை.

நான்காவது வந்தும் புள்ளியில் நான்தான் முதல். மேனேஜருக்கு அது போதும்.

ஆகஸ்ட் 20, புதன்

இதை எழுதாமல் விடக்கூடாது.

மச்சினன் ரேஸ் சம்மேளனத்துக்குப் புகார் கொடுக்கிறான். ஆமையண்ணனின் மெக்கானிக் லைசென்ஸை நிரந்தரமாக ரத்து செய்ய வேண்டும் என்று. அவனால் பேனா பிடிக்க முடியாது. யார் எழுதுவது? நான்.

கட்டிலில் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "'கவனக்குறைவால் என் உயிருக்கும்'... எழுதிட்டியா? 'என் அக்கா கணவர் உயிருக்கும் ஆபத்து'... அதை நல்லா போடு மச்சான், உன்னையும் சேர்த்து." நடுவில் பேனா நின்றுவிட்டது. "ஏன், பாவம் பார்க்கிறியா? நீ இப்படித்தான், எல்லாருக்கும் பாவம் பார்ப்ப. அந்த ஆளு நாளைக்கு இன்னொருத்தன் காரைத் தொடுவான்ல? அவன் செத்தா?"

அவன் சொல்வது சரிதான். பொய்யை மட்டும் எடுத்துவிட்டால் அவன் சொல்வது ஒவ்வொன்றும் சரி.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சமையலறையில் மனைவி அவனுக்குப் பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்திச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சொன்னால் என் லைசென்ஸ் போகும். ஒப்பந்தம் போகும். அது போகட்டும். இந்தக் கூடத்தை எப்படித் தாண்டுவேன்? மென்று விழுங்கிவிட்டேன். கடைசியில் அவன் பெயரை எழுதி, அவன் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி ரேகை வைத்தேன். விரல் சூடாக இருந்தது.

விசாரணை இருபத்தொன்பதாம் தேதி. நானும் மச்சினனும் ஆமையண்ணனும் வர வேண்டும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மேனேஜர் இழுப்பறையைத் திறந்தார். இரண்டு வருட ஒப்பந்தம். கூடவே இன்னொரு காகிதத்தையும் காட்டினார். ஆமையண்ணன் கையெழுத்துப் போட்ட ஒப்புதல். 'தவறு என்னுடையதாக இருக்கக்கூடும்' என்று ஆரம்பிக்கிறது. அதில் 'கூடும்' என்பதை அவரே அடித்திருக்கிறார்.

"ஆமையண்ணன் அதைச் செய்யல" என்றேன். மூன்று வாரத்தில் முதல் தடவையாக வெளியே வந்த உண்மை, அதுவும் அரைகுறையாக.

மேனேஜர் பேனாவை என் பக்கம் உருட்டினார். "அவரே ஒத்துக்கிட்டாரு. நீ எதுக்குக் குறுக்க விழுற? நான் வேற பிழைப்பு பார்த்துக் கொடுத்துடுறேன் அவருக்கு. ரேஸ்ல யாராவது ஒருத்தன் வெளிய போய்த்தான் ஆகணும்."

கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த ஊரில் எனக்கென்று இருக்கிற ஒரே அறை அதுதான் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

மனைவியிடம் சொல்லப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு..." என்று ஆரம்பித்தேன். "நாளைக்கு அந்த ஆளைப் பார்த்தா எனக்குக் கை பரபரன்னு வரும், என்னைப் பிடிச்சுக்கங்க" என்றாள். சட்டை காலரை நான் பிடித்துக்கொண்டேன், அவள் மடித்தாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

சம்மேளன அலுவலகம், இரண்டாவது மாடி. ஏசி வேலை செய்யவில்லை, ஜன்னலும் திறக்காது. ஒரு பக்கம் நான், மனைவி, மச்சினன் மூன்று பேர், எதிரே ஆமையண்ணன் தனியாக. தேய்த்த சட்டை போட்டு வந்திருந்தார், நகத்தைக்கூடச் சுத்தமாகத் தேய்த்திருந்தார். மேனேஜர் கடைசி நாற்காலியில்.

தலைமை நடுவர் அந்த ஒப்புதலைப் படித்துக்காட்டி, "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். ஆமையண்ணன் எழுந்தார். லைசென்ஸ் அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். "நீங்க ரத்து பண்ண வேணாம் ஐயா. நானே கொடுத்துடுறேன். நேத்து என் பொண்ணு ஸ்கூட்டர்ல பிரேக் கட்டை மாத்தச் சொன்னா. மாத்தினேன். ஓட்டுன்னு சொல்ல எனக்கு தைரியம் வரல. வேற கடையில காட்டிட்டு வான்னு அனுப்பிச்சேன்."

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றது ஞாபகமில்லை. "பிரேக் நல்லா இருந்துச்சு. நான்தான் நேரத்துக்கு மிதிக்கல" என்று சொன்னது மட்டும் என் காதிலேயே விழுந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எழுபது மீட்டர். அவன்மேல் சாய நினைத்தது. ரேடியோ. பஞ்சு. மேனேஜர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

தலைமை நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "ரேடியோவுல நாங்களும்தான் ஆயிரம் பொய் சொல்லியிருக்கோம். ஆனா இறங்கினதும் மெக்கானிக்கிட்ட உண்மையைச் சொல்லிடுவோம்யா. அவன்தானே காரைத் தொடுறவன்?"

நான் ஆமையண்ணனைப் பார்த்தேன். மகிழ்வார் என்று நினைத்தேனா? அப்படித்தான் நினைத்திருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. அவர் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு வாரம் சார். என் கையை நானே நம்பல. வீட்டு வாசல்ல வந்து கேட்டேனே உங்களை. பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டுக் கேட்டேனே."

மச்சினன் மேஜைமேல் கிடந்த புகாரையே பார்த்துக்கொண்டிருந்தான். என் கையெழுத்து.

ஆகஸ்ட் 30, சனி

பதினெட்டு மாதம் லைசென்ஸ் கிடையாது. இந்த வருடப் புள்ளிகள் எல்லாம் ரத்து. டேட்டாவை மறைத்ததற்கு டீமின் மேல் தனி விசாரணை. மேனேஜரிடமிருந்து ஒரு வரிச் செய்தி: சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிடு.

நேற்று திரும்பும்போது மனைவி ஓட்டினாள். தம்பியை முன்னால் உட்காரவைத்து அவளே பெல்ட் போட்டுவிட்டாள். நான் பின்னால். ஒவ்வொரு சிக்னலிலும் அவன் தலையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அவள் கேட்டாள். "மோதினதைக்கூட விடுங்க. ரேஸ், வேகம், ஏதோ ஆயிருச்சு. மூணு வாரம் அவன் தலையைக் கழுவிவிட்டீங்களே, அப்ப எப்படி இருந்துச்சு உங்களுக்கு?" அழுதேன். அவள் அழவில்லை. மாவுக்கட்டு பிரிக்கிறவரை அவன் இங்கேதான் இருப்பான் என்றாள். எனக்கு எங்கே போக வேண்டும் என்று அவள் சொல்லவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

டேட்டா பார்க்கிற பெண் போன் செய்தாள். ஆமையண்ணனிடம் லைசென்ஸ் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, மறுபடி பிரேக் வேலைக்குப் போட்டுவிட்டார்களாம். அவர் வேலை முடித்ததும் இன்னொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "நீ ஒரு தரம் பாரு" என்கிறாராம். முன்பு ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. டூல் பெட்டியில் அந்த ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டாராம்.

நான் இரண்டு தடவை அழைத்தேன். எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

செப்டம்பர் 9, செவ்வாய்

மச்சினன் என்னோடு பேசுவதில்லை. சண்டை போட்டால்கூடத் தேவலை. கூடத்தைத் தாண்டும்போது காலை மடக்கி வழி விடுகிறான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கடைசி ரேஸ். எங்கள் இரண்டு பேரில் யாரும் அதில் இல்லை. மனைவிக்கு இன்று மருந்துக்கடையில் மாற்று ஆள் இல்லை, ஆறு மணிக்குத்தான் வருவாள்.

டிவியில் அவன் பார்த்தான். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். நான் இரண்டு கார் அகலம் விட்டேனே, அந்தப் பையன்தான் சாம்பியன் ஆனான். அவன் ஒருத்தனைச் சுத்தமாக முந்தியபோது மச்சினனுக்கு வாயில் "சபாஷ்" என்று வந்துவிட்டது. பழக்கத்தில் என் பக்கம் திரும்பினான். திரும்பியவன் அப்படியே டிவிக்குத் திரும்பிவிட்டான்.

மூன்று மணிக்குக் காபி அவன்மேல் சிந்திவிட்டது. பனியனை எப்படியோ தானே கழற்றிவிட்டான். கொடியிலிருந்து ஒரு சட்டையை இழுத்து, தொட்டிலில் இருந்த கையை வெளியே எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினான். அதற்கே கால் மணி நேரம் ஆனது. பட்டன் போட முடியவில்லை. மாவுக்கட்டு வழியே நீண்டிருக்கிற இரண்டு விரலால் முதல் பட்டனை எத்தனையோ தடவை முயன்றான். பரிசளிப்பு முடிந்தது. விளம்பரம் ஓடியது. இன்னும் முயன்றுகொண்டிருந்தான்.

நான் கிட்டே போய்க் கை நீட்டினேன்.

"அக்கா வரட்டும்" என்றான்.

ஆறு மணிவரை சட்டை திறந்தபடியே உட்கார்ந்திருந்தான். நான் போய் ஃபேனைக் குறைத்து வைத்தேன்.